சிவப்புப் பலகைக்கு அந்தப் பக்கம்: கம்போடியக் காட்டுக் கோயில்களுக்குப் போகிறவர்களுக்கு

விடியற்காலை இருட்டில் அங்கோர் வாட்டின் குளக்கரையில் இடம் பிடித்து, நூற்றுக்கணக்கான செல்பேசிகளுக்குப் பின்னால் சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், மறுநாள் துக்துக் ஓட்டுநரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கூட்டமே இல்லாத கோயில் ஏதாவது இருக்கிறதா? அவரிடம் பதில் தயாராக இருக்கும். பெங் மீலியா, கோ கேர், குலேன் மலை, இன்னும் தள்ளிப் போனால் ப்ரே விஹியர், பன்தியாய் சமார். வேர்கள் கவ்விய கோபுரங்கள், ஆள் அரவமற்ற பிராகாரங்கள், வழியில் மரக்கால் வீடுகள் நிற்கும் கிராமங்கள். போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கோ கேரின் ஏழடுக்குப் பிரமிடை நேரில் பார்ப்பது, அதுவும் யாரும் தள்ளாமல் முந்தாமல் பார்ப்பது, செலவழித்த காசுக்கு மேல் பெறுமானமுள்ள அனுபவம்.

ஆனால் அங்கோரின் முக்கிய வட்டத்துக்குள் சுற்றும் வரை காவலர், மருத்துவமனை, வழிகாட்டி, கழிப்பறை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அந்த வட்டத்தைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டர் போனால் ஒரு பயணியைக் காப்பாற்ற இரண்டே விஷயங்கள்தான் மிஞ்சும்: அவர் கால் எங்கே நிற்கிறது, அவர் பையில் என்ன காகிதம் இருக்கிறது.

முதலில் காலைப் பற்றி.

சியெம் ரீப் நகரிலிருந்து கோ கேர் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். சாலை நன்றாகவே இருக்கிறது. இரண்டு இரண்டரை மணி நேரப் பயணத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிப் புதருக்குப் பின்னால் ஒதுங்குவது நமக்குக் கூச்சமற்ற வழக்கம். கம்போடியாவின் வடக்கு, வடமேற்கு மாகாணங்களில் இந்த வழக்கத்தைக் கைவிட்டே ஆக வேண்டும். 1979-இல் கெமர் ரூஜ் ஆட்சி கவிழ்ந்தபின் தொடர்ந்த உள்நாட்டுப் போரில் எல்லாத் தரப்பினரும் கண்ணிவெடி புதைத்தார்கள். 1980-களின் நடுவில் தாய்லாந்து எல்லை நெடுக ‘கே-5’ என்ற பெயரில் ஒரு கண்ணிவெடி அரணே போடப்பட்டது. நாட்டின் கிழக்கே, அதற்கும் முன்னால் அமெரிக்க விமானங்கள் கொட்டிய கொத்துக்குண்டுகளில் வெடிக்காதவை இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. 1979 முதல் இன்றுவரை கண்ணிவெடியாலும் வெடிக்காத குண்டுகளாலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். காயமடைந்தவர்கள் ஏறத்தாழ 45,000 பேர்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில், சியெம் ரீப் மாகாணத்தின் ஸ்வாய் லூ மாவட்டத்தில், வீட்டருகே விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தைகள் இருவர் மண்ணில் கிடந்த பழைய குண்டு வெடித்து இறந்தார்கள். பெங் மீலியா கோயில் இருப்பதும் அதே மாவட்டத்தில்தான். 2025-க்குள் நாட்டைக் கண்ணிவெடி இல்லாததாக்கிவிடுவது என்று அரசு வைத்திருந்த இலக்கு நிறைவேறவில்லை.

பயணிகள் நடமாடும் கோயில் வளாகங்களில் வெடிகள் அகற்றப்பட்டிருக்கின்றன. அந்த வேலையைக் கம்போடிய அரசின் கண்ணிவெடி அகற்றும் மையமும் ஹாலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளும் பல்லாண்டுகளாகச் செய்துவருகின்றன. ஆனால் அகற்றப்பட்டது என்றால் பாதையும், பாதையின் இரு மருங்கும், கோயிலைச் சுற்றிய திடலும்தான். காட்டின் ஒவ்வொரு சாணும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை எங்கே கண்ணில் பட்டாலும் அதற்கு அந்தப் பக்கம் உங்களுக்கு வேலையில்லை. பலகை இல்லாததால் ஆபத்து இல்லை என்றும் சொல்ல முடியாது. பலகைகள் சாய்கின்றன, கொடி படர்ந்து மறைகின்றன, வெள்ளம் வெடியையே இடம் மாற்றிவிடுகிறது. மிதிபட்டுத் தேய்ந்த ஒற்றையடிப் பாதையில் நடங்கள். அழகான கோணத்தில் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து புல்லுக்குள் போகாதீர்கள். துருப்பிடித்த உலோகத்தைக் கண்டால் கையால் தொடுவதும் காலால் தட்டுவதும் கூடாது. இடத்தைப் படமெடுத்துக்கொண்டு, அருகிலுள்ள ஊர்த்தலைவரிடமோ காவலரிடமோ காட்டிவிடுங்கள்.

தெரியாமல் உள்ளே போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால்? வெடி அகற்றுபவர்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்: அப்படியே நில். கூட வருபவர்களையும் நிற்கச் சொல். சத்தம் போட்டு உதவி கேள். உதவி வரும்வரை நகராதே. வேறு வழியே இல்லையென்றால் மட்டும், உன் காலடித் தடம் தெளிவாகத் தெரிந்தால், அதே தடத்தில் திரும்பு. அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்க ஓடிப்போன இரண்டாமவரும் அடிபட்டது பல தடவை நடந்திருக்கிறது. மனசு கேட்காது, ஆனாலும் ஓடக் கூடாது.

இதை இன்னும் தெளிவாகப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் சியெம் ரீப்பில் அபோபோ அமைப்பின் பார்வையாளர் மையத்தில் ஒரு மணி நேரம் செலவிடலாம். கண்ணிவெடியை மோப்பம் பிடிக்கப் பழக்கிய ஆப்பிரிக்கப் பெரு எலிகளை அங்கே காட்டுகிறார்கள். அவற்றில் மகாவா என்ற எலிக்கு 2020-இல் பிரிட்டனின் விலங்குநல அறக்கட்டளை ஒன்று வீரத்துக்கான தங்கப் பதக்கம் தந்தது. மிதித்தாலும் வெடிக்காத அளவு எடை குறைவு என்பதுதான் அதன் தகுதி. மனிதருக்கு அந்தத் தகுதி இல்லை.

பழைய வெடி ஒருபுறம் என்றால், புதிய சண்டை இன்னொரு புறம். டாங்ரெக் மலை விளிம்பில் நிற்கும் ப்ரே விஹியர் சிவன் கோயில் கம்போடியாவுக்கே சொந்தம் என்று சர்வதேச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் தாய்லாந்துடன் எல்லைத் தகராறு தீரவில்லை. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் கோயில் சேர்ந்ததும் மோதல் வெடித்து 2011 வரை விட்டுவிட்டு நீடித்தது. 2025 ஜூலை 24 முதல் 28 வரை பீரங்கியும் விமானமும் பயன்பட்ட சண்டையே நடந்தது. டிசம்பரில் மறுபடி மூண்டது. ஜூலைச் சண்டையின்போது நாம் பென்னிலுள்ள இந்தியத் தூதரகம், எல்லைப் பகுதிகளுக்குப் போக வேண்டாம் என்று தன் குடிமக்களை எச்சரித்தது. இரு நாடுகளுக்கிடையிலான தரைவழிச் சாவடிகள் மூடப்பட்டதால், பாங்காக்கிலிருந்து பேருந்தில் போய்பெட் வழியாகச் சியெம் ரீப் போகும் பழைய திட்டமும் அடிபட்டுப்போனது. பயண நூல்களிலும் காணொளிகளிலும் அந்த வழி இன்னும் சுலபமான வழியாகவே காட்டப்படுகிறது. கிளம்பும் வாரத்தில் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் ப்ரே விஹியருக்கோ பன்தியாய் சமாருக்கோ வண்டி பேசாதீர்கள். பெரும்பாலான பயணக் காப்பீட்டுப் பாலிசிகளில் போரும் போர் போன்ற நிலையும் விலக்கு. எச்சரிக்கை வந்தபின் போய் அடிபட்டால் இழப்பீடு கேட்பதற்கு வாயே இருக்காது.

நுழைவுச்சீட்டு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அங்கோருக்கு ஒரு நாள் 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. 2017-இல் வந்த விலை இது. மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்துதான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை, பத்து நாளுக்குள் ஏதேனும் மூன்று நாள் போகலாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். சீட்டில் உங்கள் முகம் அச்சாகியிருக்கும். ஆகவே ‘நேற்று வாங்கியது, பாதி விலைக்குத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அது வெறும் காகிதம். கோ கேருக்கும் குலேன் மலைக்கும் தனிச்சீட்டு. அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகள் சீருடையும் அடையாள அட்டையும் அணிந்திருப்பார்கள். கோயிலுக்குள் கேட்காமலே ஊதுவத்தியைக் கையில் திணித்து, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டு, பிறகு டாலர் கேட்பவர்களும் உண்டு. அர்ச்சனைத் தட்டோடு துரத்தும் ஆட்களிடம் பயிற்சி பெற்ற நமக்கு இது புதிதில்லை; புன்னகையோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்தால் போதும்.

உடை பற்றி ஒரு வார்த்தை. தோளும் முழங்காலும் மறைய வேண்டும் என்பது கோயில் வளாகத்தை நிர்வகிக்கும் அப்சரா ஆணையத்தின் நடத்தை விதி. இவை இடிபாடுகள் மட்டுமல்ல, உள்ளூர் மக்கள் இன்றும் கும்பிடுகிற இடங்கள். 2015-இல் கோயில்களுக்குள் நிர்வாணப் படம் எடுத்த வெளிநாட்டினர் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டார்கள். டிரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும். எல்லையில் பதற்றம் இருக்கும் காலத்தில் அந்த ஆசையே வேண்டாம்.

அடுத்து, பலரும் சிரித்துக்கொண்டே ஏமாறும் ஆபத்து: குரங்கு. பாயோன், அங்கோர் வாட் பகுதிகளில் திரியும் குரங்குகள் பயணிகள் கொடுத்த வாழைப்பழத்தில் வளர்ந்து, இப்போது கொடுக்காவிட்டால் பிடுங்குகின்றன. கிராமங்களில் நாய்கள். கம்போடியாவில் ரேபிஸ் இன்னும் மனிதரைக் கொல்லும் நோய். அறிகுறி தெரிந்தபின் அதற்கு மருந்தில்லை. அறிகுறிக்கு முன்னால் போட்டால் தடுப்பூசி ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றுகிறது. கடிக்கும் அறிகுறிக்கும் இடையிலுள்ள நாள்களில்தான் பயணிகள் கோட்டை விடுகிறார்கள். சின்னக் கீறல்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பார்த்துக்கொள்ளக் கூடாது. கடியோ கீறலோ பட்ட உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும். ரத்தம் வந்திருந்தால், அல்லது திறந்த புண்ணில் எச்சில் பட்டிருந்தால், தடுப்பூசியோடு காயத்துக்குள் இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். சிறு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இது இருப்பில் இருக்காது. நாம் பென்னிலுள்ள பாஸ்டர் நிறுவனம் இந்தச் சிகிச்சைக்குப் பேர்போன இடம். பத்தாம்பாங்கிலும் கம்போங் சாமிலும் அதற்குக் கிளை மையங்கள் உண்டு. அந்நிறுவனம் வகுத்த ஒரு வார ஊசிமுறையை உலக சுகாதார நிறுவனமே 2018-இல் ஏற்றுக்கொண்டது: தொடங்கும் நாள், அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், தோலுக்குள் போடும் ஊசி. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் தவணைக் கணக்கு இதிலிருந்து சற்று மாறும். அதனால் அங்கே தொடங்கி இங்கே முடிக்கிறவர்கள், எந்த மருந்து, எந்தத் தேதி, தோலுக்குள்ளா தசையிலா என்று எழுதிய அட்டையைக் கையோடு கொண்டு வர வேண்டும். கிராமங்களில் பல நாள் தங்கப் போகிறவர்கள் கிளம்புமுன்பே ஒரு வார இடைவெளியில் இரண்டு முன்தடுப்பூசி போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். பிறகு கடிபட்டாலும் இரண்டு ஊசி போதும், கிடைக்காத இம்யூனோகுளோபுலினைத் தேடி அலைய வேண்டாம்.

கொசு பற்றி நமக்குப் பாடம் வேண்டாம். டெங்கு கொசு பகலில் கடிக்கும், கோயிலில் நிற்கும்போதே கடிக்கும். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் ரத்தக்கசிவை மோசமாக்கும். காட்டோரம் இரவு தங்குகிறவர்கள் மலேரியா பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். திரும்பி வந்து காய்ச்சல் கண்டால், எந்த நாட்டுக் காட்டில் இருந்தோம் என்பதை முதல் வாக்கியமாக மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 2023 முதல் கம்போடியக் கிராமங்களில் பறவைக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றிய நிகழ்வுகள் மீண்டும் பதிவாகிவருகின்றன. ஆகவே ஊர்க்கோழியைக் குழந்தைகள் தூக்கி விளையாட விடாதீர்கள். மழைக்காலத்தில் இடி மின்னல் வந்தால் கோயில் உச்சியிலும் மரத்தடியிலும் நிற்காதீர்கள். 2025 மே மாதம் அங்கோர் வாட்டில் மின்னல் தாக்கி மூன்று பேர் இறந்தார்கள்.

இதுவரை சொன்னது பயணிக்கு வரும் ஆபத்து. பயணியால் வரும் ஆபத்தைப் பற்றி நம் சுற்றுலா விளம்பரங்கள் பேசுவதே இல்லை.

தொன்லே சாப் ஏரியின் மிதக்கும் கிராமங்களுக்குப் படகில் அழைத்துப்போகிறவர்களில் சிலர், நடுவில் ஒரு கடையில் நிறுத்துவார்கள். ஏழைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிக்கொடுங்கள் என்பார்கள். விலை சந்தை விலையைவிடப் பல மடங்கு. மூட்டை பள்ளிக்குப் போய் இறங்கும், நீங்கள் படம் எடுத்துக்கொள்வீர்கள், மாலையில் மூட்டை கடைக்குத் திரும்பிவிடும். சியெம் ரீப் தெருவில் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண், பணம் வேண்டாம், பால்மாவு டின் மட்டும் வாங்கித் தாருங்கள் என்று கேட்பதும் பல நேரம் இதே சுழற்சிதான். இல்லாதவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளை தெருவில் நின்று சம்பாதிக்கிறது என்றால், அந்தச் சம்பளத்தைக் கொடுப்பது நாம்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் அனாதை இல்லச் சுற்றுலா. ‘இன்று மாலை குழந்தைகளின் நடனம், வாருங்கள்’ என்று துண்டுச்சீட்டு கொடுப்பார்கள். யுனெஸ்கோ பாதுகாக்கும் கோயிலைப் பார்த்த மனநிலையில் ஒரு நல்ல காரியமும் செய்துவிடலாம் என்று தோன்றும். 2011-இல் யுனிசெஃப் ஆதரவுடன் கம்போடிய அரசு நடத்திய ஆய்வு, இந்த இல்லங்களிலுள்ள நான்கு குழந்தைகளில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பதைக் காட்டியது. சுற்றுலாப் பயணிகளின் நன்கொடை பெருகப் பெருக இல்லங்களும் பெருகின; இல்லங்களை நிரப்ப வறுமைப்பட்ட வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகள் காட்சிப்பொருளல்ல என்று அங்குள்ள குழந்தைநல அமைப்புகள் அதே ஆண்டிலேயே பிரச்சாரம் தொடங்கின. முன்பின் தெரியாத ஒருவர் நம் ஊர் அங்கன்வாடிக்குள் நுழைந்து பிள்ளைகளைத் தூக்கிப் படம் எடுக்க நாம் விடுவோமா என்பதை யோசித்தால், அங்கேயும் அதுதான் அளவுகோல். உதவ விரும்பினால் குடும்பத்தோடு சேர்த்துப் பிள்ளைகளை வளர்க்க உதவும் அமைப்புக்குக் கொடுங்கள். ஒவ்வொரு அங்கோர் சீட்டிலும் இரண்டு டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. பலருக்கும் தெரியாமலே ஒரு நல்ல காரியம் ஏற்கெனவே நடந்துவிடுகிறது.

குழந்தைகளிடம் பாலியல் குற்றம் இழைப்பவர்களைத் தண்டிக்க கம்போடியாவில் 2008-ஆம் ஆண்டின் ஆள்கடத்தல், பாலியல் சுரண்டல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே தப்பித்து ஊர் திரும்பிவிட்டால் தீர்ந்தது என்று எவரும் நினைக்க முடியாது. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்துக்கும் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதன் முதல் பிரிவே அப்படிச் சொல்கிறது. விடுதியிலோ வாடகை வண்டியிலோ சந்தேகத்துக்கிடமாக எதையாவது பார்த்தால் கம்போடியக் காவல்துறையின் 117-ஐ அழைக்கலாம்.

கிராமத்தாரின் உரிமை என்று பேசும்போது ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். அங்கோர் வளாகத்துக்குள் வாழ்ந்த ஏறத்தாழ 10,000 குடும்பங்களை, பாரம்பரியச் சின்னத்தைக் காப்பதாகச் சொல்லி, ருன் தா ஏக் போன்ற புதிய குடியிருப்புகளுக்கு அரசு இடம்பெயர்த்துவருகிறது. விரும்பித்தான் போனார்கள் என்கிறது அரசு. மிரட்டலும் நெருக்கடியும் இருந்தன என்று அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2023 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. கோயில் வாசலில் சட்டை விற்றுக்கொண்டிருந்தவர், நூடுல்ஸ் கடை வைத்திருந்தவர், பிழைப்பிடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டார். ஒரு பயணி இதைத் தீர்க்க முடியாது. ஊர்க்காரர் நடத்தும் தங்குமிடத்தில் தங்குவது, ஊர்க்காரர் சமைத்ததைச் சாப்பிடுவது, வீட்டுக்குள் எட்டிப் பார்க்குமுன் அனுமதி கேட்பது, ஆளைப் படமெடுக்குமுன் கண்ணால் கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, இவ்வளவுதான் கையில் இருக்கிறது. செய்தால் போதும்.

இனி, பையில் எதைக் கொண்டு வரக் கூடாது என்பது.

கோ கேரின் பிரசாத் சென் கோயிலில் பத்தாம் நூற்றாண்டில் வடித்த ஒரு சிற்பத் தொகுதி இருந்தது: துரியோதனனும் பீமனும் கதாயுதச் சண்டைக்கு எதிரெதிரே தயாராக, சுற்றிலும் பாண்டவர்கள் உட்கார்ந்து பார்க்க. உள்நாட்டுப் போர்க் காலத்தில் கொள்ளையர்கள் சிலைகளைக் கணுக்காலோடு உடைத்து எடுத்துப்போனார்கள். 2011-இல் நியூயார்க் சோத்பி ஏலத்துக்குத் துரியோதனன் வந்தபோது, கோ கேரில் மிச்சமிருந்த பாதங்கள்தான் சாட்சி சொல்லின. ஏலம் நின்றது, வழக்கு நடந்தது, 2014-இல் சிலை நாடு திரும்பியது. அதே ஆண்டு கலிஃபோர்னிய அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து பீமனும் திரும்பினான். தமிழ்நாட்டில் களவுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பியதும் அந்த 2014-இல்தான். கெமர் சிலை வணிகத்தின் பெரும்புள்ளியான டக்ளஸ் லாட்ச்ஃபோர்டு மீது நியூயார்க்கில் 2019-இல் குற்றச்சாட்டு பதிவானது. விசாரணைக்கு முன்பே 2020-இல் அவர் இறந்துபோனார். அவரோடு தொடர்புடைய பதினான்கு சிலைகளைக் கம்போடியாவுக்குத் தருவதாக மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2023 டிசம்பரில் அறிவித்தது. சந்தேகப் பேர்வழிகள் மட்டும் இதைச் செய்வதில்லை. 1923-இல் பன்தியாய் ஸ்ரே கோயிலின் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துப் பிடிபட்டவர் ஆந்த்ரே மால்ரோ. பிற்காலத்தில் பிரான்ஸின் பண்பாட்டு அமைச்சர்.

ஆகவே, கோயில் வாசலில் ஒருவர் துணிக்குள் சுற்றி வைத்து, ‘வயலில் கிடைத்தது, ரொம்பப் பழசு’ என்று காட்டினால், இரண்டில் ஒன்று. அது போலி என்றால் உங்கள் பணம் போயிற்று. உண்மை என்றால் நீங்கள் கம்போடியாவின் 1996-ஆம் ஆண்டுப் பண்பாட்டு மரபுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றத்தில் பங்காளி. உடைந்த ஓட்டுச் சில்லானாலும் கீழேயே கிடக்கட்டும். கடையில் புதிதாகச் செய்த கல்சிலை வாங்கினால் ரசீது வாங்கிப் பெட்டியின் மேல்பக்கம் வையுங்கள். விமான நிலையத்தில் கேட்பார்கள்.

காகிதங்களில் முதலாவது பாஸ்போர்ட். வாடகை மோட்டார் சைக்கிளுக்கு ஈடாக அதைக் கேட்கும் கடைகள் உண்டு. பிறகு வண்டியில் கீறல் என்று சொல்லிப் பணம் கறக்கவும் அதுவே கருவி. 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 17-ஆம் பிரிவின்படி உங்கள் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அடகு வைக்க அது உங்களுடையதே அல்ல என்று சொல்லி, நகலும் ரொக்க முன்பணமும் கொடுங்கள். ஒப்பாவிட்டால் வேறு கடை. தொலைந்துவிட்டால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமான புகார் நகல் வாங்கி, நாம் பென் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் கேட்கலாம். அதை வைத்துக்கொண்டு நேரே ஊர் திரும்ப மட்டுமே முடியும். விசா காலம் தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 10 டாலர் அபராதம். இணையத்தில் விசா வாங்கும்போது கம்போடிய அரசின் அதிகாரபூர்வத் தளம்தானா என்று முகவரியைப் பாருங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் கட்டணம் பிடுங்கும் தரகுத் தளங்கள் பல.

ஏதாவது காரணத்தால் காவல்துறை பிடித்து வைத்தால், உங்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை 1963 வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவில் இருக்கிறது. புரியாத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாமல், தூதரகத்தோடு பேச வேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தூதரகம் அபராதம் கட்டாது, வழக்கு நடத்தாது; வழக்கறிஞர் பட்டியல் தரும், குடும்பத்துக்குச் சொல்லும், போய்ப் பார்க்கும். தூதரகம் பதில் தராவிட்டால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் ஊரிலிருக்கும் உறவினரே புகார் பதியலாம்.

இடையில் ஒன்று. சுற்றுலா விசாவில் வாருங்கள், கோயிலும் பார்க்கலாம், கணினி வேலையும் இருக்கிறது என்று யாராவது அழைத்தால், அது சுற்றுலா அல்ல. தமிழ்நாட்டு இளைஞர்கள் உட்பட இந்தியர்கள் பலர் கம்போடியாவில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு மீட்கப்பட்டிருக்கிறார்கள். சிக்கியவர்களின் குடும்பத்தார் தூதரகத்தையும் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையும் உடனே அணுகலாம்.

காப்பீட்டுப் பாலிசியை யாரும் படிப்பதில்லை. குறைந்தது நான்கு இடங்களையாவது படியுங்கள்: மருத்துவ வெளியேற்றத்துக்கு எவ்வளவு, இருசக்கர வாகன விபத்துக்கு உண்டா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி என்ன சொல்கிறது, எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். பெரிய விபத்து என்றால் காயம்பட்டவரைப் பாங்காக்குக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டி வரலாம். அந்தச் செலவைத் தாங்காத பாலிசி பாலிசியே அல்ல. செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டி விழுந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் கைவிரித்துவிடும். கிளம்புமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், அல்லது ஓட்டாமலே இருங்கள்.

கோரிக்கையை நிறுவனம் மறுத்தாலோ, புகாருக்கு ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

தொகுப்புச் சுற்றுலாவில் ஏமாந்தவர்கள் நிலை வேறு. கோ கேர் என்று அட்டவணையில் போட்டுவிட்டு, அங்கே போனதும் நேரமில்லை என்று சந்தைக்குக் கூட்டிப்போய் விடுவது. மூன்று நட்சத்திர விடுதி என்று சொல்லி வேறு எங்கோ தங்கவைப்பது. இது சேவைக் குறைபாடு. முகவர் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பல தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. அட்டவணையின் அச்சுப் பிரதி, பணம் கட்டிய ரசீது, ‘கோ கேர் கட்டாயம் உண்டு சார்’ என்று முகவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அன்றைய தேதியோடு எடுத்த படம், இந்த நான்கும் இருந்தால் மனு எழுத ஒரு மாலைப்பொழுது போதும். திரும்பி வந்ததும் செல்பேசியை மாற்றப் போகிறவர்கள், அதற்கு முன் இவற்றை வேறெங்காவது சேமித்துக்கொள்ளுங்கள்.